அனுப்புநர் பாஞ்சாலி

காந்தாவின் மெயில் அன்றைக்கு "பாஞ்சாலி அக்கா" என்று ஆரம்பித்திருந்தது.

பாஞ்சாலி முதலில் அதைக் கவனிக்கவில்லை. நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்றால் திரும்பிப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பிறகுதான் கண் நின்றது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று, பாசி வாடையையும் கரையில் யாரோ கொளுத்திய குப்பையின் புகையையும் சேர்த்து அள்ளிவந்து மாடி அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானமே இருட்டிப்போய், கம்ப்யூட்டர் திரையின் நீல வெளிச்சம் மட்டும் அவள் கைகளின் மேல் விழுந்திருந்தது.

காந்தாவிடம் அவள் தன் பேரைச் சொன்னதே கிடையாது.

யாரிடமும் சொல்லக்கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. வீட்டில் அடி உதை படும் பெண்கள் எழுதிக் கேட்டால் பதில் எழுதும் சின்ன அமைப்பு அது. அரசாங்கத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜகதாம்பாள் தன் வீட்டு மாடியிலேயே அதை நடத்திவந்தார். பதில் யார் எழுதினாலும் 'சகி' என்ற முகவரியிலிருந்துதான் போகும். கீழே சகி என்றுதான் கையெழுத்தும் இருக்கும். புருஷன்மார்கள் தேடிக்கொண்டு வந்து நிற்கக்கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. தப்பித் தவறி அவர்கள் கண்ணில் பட்டாலும் ஏதோ சேலைக்கடை விளம்பரம், சமையல் குறிப்பு என்று தாண்டிப் போய்விடட்டும் என்பதற்காகவும்தான்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு வேலை தேடி பெங்களூர் வந்தவள் பாஞ்சாலி. மர்பி டவுனில் ஆரோக்கியமேரியம்மா வீட்டு மாடியில் ஒரு அறை, ஜகதாம்பாள் மேடத்திடம் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்து போய் வருவதுதான் அவள் வாழ்க்கை. காந்தா சில மாதங்களாக எழுதிக்கொண்டிருந்தாள். எலஹங்காவைத் தாண்டிப் புதிதாகப் போட்ட லேஅவுட்டில், சுற்றிலும் காலி மனைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் வீடு. புருஷன் வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். அவன் வருவதற்குள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவாள். எழுத்துப் பிழைகளிலேயே அவள் அவசரம் தெரியும். அவன் வெளியூர் போகிற நாள் பார்த்துக் கிளம்பி வந்துவிடு, தங்க இடம் நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்று பாஞ்சாலி எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பதிலே இல்லை.

இப்போது வந்திருந்தது. பிழையே இல்லாமல்.

"பாஞ்சாலி அக்கா, கிளம்பிட்டேன். உங்ககிட்டதான் வர்றேன்."

பாஞ்சாலி இதுவரை அனுப்பிய பதில்களை எல்லாம் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் சகி. முகவரி சகி, கையெழுத்து சகி. கீழ் வீட்டுக்கு ஓடிப்போய் மேடத்திடம் சொன்னாள். அவர் பதற்றப்படவில்லை. தனக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லி, தன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார்.

அனுப்பியவர் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தில் பாஞ்சாலி என்று இருந்தது. பக்கத்தில்தான், சின்னதாக, சகியின் முகவரி.

"புது கம்ப்யூட்டர் வந்தப்ப நீதானே எல்லாம் போட்டே? உங்க பேர் என்னன்னு கேட்டிருக்குமே, என்ன அடிச்சே?"

கேட்டது. அடித்தாள். ஏதோ கம்பெனிக்காரன் கேட்கிறான் என்று நினைத்தாள். முகவரி சகிதானே, அது போதும் என்று இருந்துவிட்டாள். அவள் திரையில் அந்தப் பேர் தெரியவே தெரியாது. வாங்குகிறவர்கள் திரையில் மட்டும்தான் தெரியும்.

மேடம் திட்டவில்லை. உடனே மாற்றச் சொன்னார். மாற்றினாள். ஆனால் போனது போனதுதான். அதைத் திரும்பக் கூப்பிட வழி இல்லை.

சாயங்காலம் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தாள். யாரும் பேசவில்லை. முதலில் வெறும் இரைச்சல் என்று நினைத்தாள். காது பழகப் பழக, அதற்குள்ளே தண்ணீர் சொட்டுவது கேட்டது. திறந்த குழாயின் சொட்டு மாதிரி இல்லாமல், மூடிய இடத்தில் ஆழத்தில் விழுந்து, சுவரில் மோதித் திரும்பி வரும் சொட்டு. யாரு, யாரு என்று இரண்டு தடவை கேட்டாள். சொட்டு நின்றது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு அவள் குரலைக் கேட்கிற மாதிரி இருந்தது. ரிசீவரை வைத்த பிறகும் காதில் ஈரம் ஒட்டியிருப்பதுபோலத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜகதாம்பாள் மேடத்துக்குப் போலீஸில் தெரிந்தவர்கள் உண்டு. காந்தாவின் வீட்டைப் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆதிகேசவனே வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

வீடு பூட்டியிருந்ததாம். வாசலில் இருந்த சம்ப் மூடியின் மேல் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்களாம். அந்தத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தபோது காந்தா உள்ளே இருந்தாள்.

புருஷனை துமகூரில் அவன் அக்கா வீட்டில் பிடித்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டான். எத்தனையோ நாளாக அந்த மெயில்கள் வருவதைப் பார்த்திருக்கிறானாம். சமையல் கிளப் என்று அவள் சொன்னதை நம்பியிருக்கிறான். ஒருநாள் சகிக்குப் பதிலாக மேலே ஒரு பொம்பளை பேர் இருந்தது. யாருடி இந்தப் பாஞ்சாலி என்று கேட்டிருக்கிறான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"கடைசி வரைக்கும் கேட்டானாம். அவனே சொல்றான்."

பாஞ்சாலி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுத்தான் மெயில் வந்தது என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை; மறுபடி சொன்னாள்.

ஆதிகேசவன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பொண்ணு போய் ஒரு வாரத்துக்கு மேல ஆகுதும்மா. அவன்தான் அனுப்பியிருப்பான். இல்லேங்கறான். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டவன் இதை மட்டும் இல்லேங்கறான்."

அவன்தான் என்று நம்பிக்கொள்ள அவள் முயன்றாள். அப்படி நம்பினால் தூங்கலாம் போலிருந்தது. ஒரு ராத்திரி தூங்கவும் தூங்கினாள்.

அடுத்த நாள், அவன் லாக்கப்பில் இருக்கும்போது, அதே முகவரியிலிருந்து இன்னொன்று வந்தது.

"அக்கா, ஊர் ரொம்பப் பெருசா இருக்கு. வழி தெரியல."

திறந்த பக்கத்தை மூடுவதற்குள் அடுத்தது.

"பரவாயில்ல. கேட்டுக் கேட்டு வந்துடறேன். உங்க பேரு வேற யாருக்கும் இல்ல."

ஜகதாம்பாள் மேடம் இரண்டையும் படித்தார். அவன் சொந்தக்காரன் எவனோ விளையாடுகிறான் என்றார். சொல்லும்போது கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாள் ஆபீஸ் பக்கம் வராதே, உன் வீடு எங்கே என்று எவனுக்கும் தெரியாது, போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரு என்று சொல்லி, அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவின் தார்ப்பாய் ஓரமாக வழிந்த தண்ணீர் அவள் முழங்காலை நனைத்துக்கொண்டே வந்தது. மர்பி டவுன் சந்து முனையில் இறங்கும்போது தெரு விளக்குகள் அணைந்தன. கரண்ட் போய்விட்டது.

மாடிக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டாள். மெழுகுவர்த்தி கொளுத்தினாள். விளக்கு வைக்கிற நேரம்தான். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஓட்டில் மழை, சாக்கடை நிரம்பி ஓடும் சத்தம், எங்கோ தாளிக்கிற கருவேப்பிலை வாசனை, பக்கத்து வீட்டில் கரண்ட் போனதற்காகக் கத்தும் பிள்ளைகள். எல்லாம் தினமும் இருப்பவைதான், அதனால் அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

அப்போது கேட்டது.

சந்து முனையில், ஒரு பெண் குரல். பேசிக் கொஞ்ச நாளானவள் பேசுகிற மாதிரி கரகரப்பாக இருந்தது.

"பாஞ்சாலி வீடு எது?"

யாரோ கன்னடத்தில் தெரியாது என்றார்கள். ஒரு கதவு சாத்தியது. மழை.

"பாஞ்சாலி வீடு எது?"

இன்னும் கிட்டத்தில். தையல்கடை கோவிந்தன் வீட்டு வாசலாக இருக்க வேண்டும். அவர் குரல் கேட்டது. எந்தப் பாஞ்சாலி என்றார். அப்புறம் அவரே, இந்தத் தெருவில் ஒரு பாஞ்சாலிதானேம்மா, மேரியம்மா வீட்டு மாடி, அதோ மெழுகுவர்த்தி தெரியுது பார் என்றார்.

பாஞ்சாலி மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

குரல் நின்றுவிட்டது. பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள். மழை மட்டும். அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குந்திக்கொண்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கீழே இரும்புக் கேட் கிறீச்சிட்டது.

பேச்சுக் குரல். மேரியம்மாதான். யாரிடமோ அன்பாக ஏதோ சொல்கிறார். பதில் கேட்கவில்லை.

பிறகு படியேறும் சத்தம். சரக், சரக். மேரியம்மாவின் ரப்பர் செருப்பு. பாஞ்சாலி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. ஒருவரின் காலடிதான். வேறு எதுவும் இல்லை. நன்றாகக் கேட்டாள். இல்லவே இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"கதவத் தெற கண்ணு. நான்தான்."

உயிருள்ள மனுஷியின் குரல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து ஓடினாள். இருட்டில் ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். தாழை இழுத்தாள்.

மேரியம்மா வாசலில் நின்றிருந்தார். இடது கையில் எரியும் மெழுகுவர்த்தி. அதன் வெளிச்சத்தில் அவர் முகம் இளகியிருந்தது.

"பாவம், இந்தப் புள்ள உன்னத் தேடிக்கிட்டு வீடு வீடா நிக்குது. வழுக்கப்போகுதேன்னு கையப் பிடிச்சுக் கூட்டியாந்தேன். எம்மாம் சில்லுனு இருக்குது பாரு."

பாஞ்சாலியின் பார்வை அவர் வலது தோளுக்குப் போனது. தோளிலிருந்து முழங்கைக்கு. முழங்கையிலிருந்து விரல்களுக்கு. அந்த விரல்களுக்குள் இன்னொரு கை இருந்தது. வெளுத்துப்போய், நாள்கணக்கில் ஊறித் தோல் சுருங்கி, நகத்தடியில் சிமெண்ட் அப்பிய கை. மணிக்கட்டு வரைக்கும்தான் வெளிச்சம் விழுந்தது. அதற்கு அப்பால் இருட்டு. இருட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலி ஓரடி பின்வாங்கினாள்.

"இந்தா, பிடிச்சுக்க. தலையத் தொவட்டி விடு. நான் போய்ச் சுடுதண்ணி வைக்கிறேன்."

மேரியம்மா அந்தக் கையை எடுத்து, குழந்தையை ஒப்படைப்பதுபோலப் பாஞ்சாலியின் கையில் வைத்தார். மெழுகுவர்த்தியோடு திரும்பினார். சரக், சரக். வெளிச்சம் படி படியாகக் கீழே இறங்கிப் போனது.

சுவர் மறைந்தது. கதவு மறைந்தது. தன் கை மறைந்தது.

இருட்டில் அந்த விரல்கள், ஒன்று ஒன்றாக, அவள் விரல்களுக்கு நடுவே நுழைந்து இறுகின.