சுவர்ப்பக்கத்து இடம்

அன்று மாலை எழிலரசியின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த மர நாற்காலியில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பாகுபலி, அவருக்கு வலப்பக்கம் சோபாவின் ஓரத்தில், முழங்கால் வலிக்குக் காலை நீட்டிக்கொண்டு, அவர் மனைவி சக்ரேஸ்வரி, அதே சோபாவின் மறு ஓரத்தில், மடியில் போனோடு, பேங்க்கில் வேலை பார்க்கும் மஹிமா, டிவி ஸ்டாண்டில் முதுகைச் சாய்த்துப் பாயில், வீட்டுக்காரர் ஜீவானந்தம், சமையலறை வாசலில் முக்காலி போட்டு, ஒரு பட்டுப்புடவையின் முந்தானைக்குக் குச்சு கட்டிக்கொண்டு, எழிலரசி.

சோபாவின் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. சக்ரேஸ்வரியம்மாள் அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டினாள்.

"அங்க என்னத்துக்கு உக்காந்துகினு இருக்க எழிலு? எப்பவும் போல இங்க வந்து எங்க நடுவுல உக்காரு."

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் இந்த வீட்டுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. அவர்களை அவள் பார்ப்பதும் அன்றுதான் முதல் தடவை.

"வேல இருக்குதுங்கம்மா," என்று மட்டும் சொன்னாள். வயசானவங்க, யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று நூலைப் பல்லில் கடித்தாள்.

ஆரணியிலிருந்து மாதம் ஒருமுறை சென்னைக்கு நாடகம் பார்க்கப் போகும் கூட்டம் அது. நாடகம் முடிந்தால் திரும்ப வண்டி கிடையாது. ராத்திரி எங்காவது தங்கித்தான் ஆகவேண்டும். எழிலரசி போனதில்லை. பஸ் ஏறினால் ஆற்காடு தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். அவள் உடம்புதான் வீட்டில் இருக்கும். புருஷன் வாசல் தாண்டினால் பின்னாலேயே அவள் மனசு செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பட்டுக்கடையில் அவர் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டினாலே, எந்தப் பொம்பளை அந்தத் தோளைப் பார்த்தாள் என்று ராத்திரி கேட்கிறவள். மஹிமா மாதிரி கல்யாணமாகாத பெண்ணும் வருகிற பயணத்தைச் சும்மா விடுவாளா?

அதனால் லாட்ஜ் பார்க்கும் வேலையை முதல் பயணத்திலேயே அவள் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் கேட்பது எல்லாம் வெந்நீர் வருமா, சபாவுக்கு நடக்கிற தூரமா, சக்ரேஸ்வரியம்மாளுக்கு மாடி ஏறாமல் கீழறை உண்டா, இருட்டியபின் சாப்பிடாத சமணர்களான அவளுக்கும் தலைமையாசிரியருக்கும் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு கிடைக்குமா என்பதுதான். எழிலரசி போன் போட்டுக் கேட்பது வேறு. பக்கத்து அறைக்கு உள்கதவு உண்டா? பால்கனி ஒட்டி ஒட்டி இருக்குமா? எல்லாம் கேட்டு முடித்து, ஜீவானந்தத்துக்கு மட்டும் இருவர் அறையாகப் போடச் சொல்வாள். தன் ஆதார் நகலையும் அவர் பையில் வைத்து அனுப்புவாள்.

"நான் ஒத்தையா போறதுக்கு எதுக்கு உன் பேரு?"

"ஒத்தையாள்னு போட்டா பக்கத்துல இடம் காலின்னு அர்த்தம். நான் வர்ல, சரி. என் இடத்துல நான் இருக்கறதாவே இருக்கட்டும்."

ராத்திரி அவர் படுக்கும் நேரத்துக்கு போன் செய்து, சுவர்ப்பக்கம் தனக்கு இடம் விட்டுப் படுக்கச் சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்து படுப்பார். கட்டில் முனகுவது போனில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம்.

"அடுத்த நாடகத்துக்கும் அதே லாட்ஜ்தானே?" என்றார் பாகுபலி.

"அது ஆகிவந்த லாட்ஜ் சார், சௌகரியமா கீது," என்ற ஜீவானந்தம், காபிக்குப் பால் வாங்கிவர வெளியே போனார். சட்டை போட்டுக்கொள்ளும்போது மஹிமா பக்கம் திரும்பினாரா என்று எழிலரசி பார்த்துவைத்தாள். திரும்பவில்லை.

அவர் தெருவில் இறங்கியதும் மஹிமா சொன்னாள்: "அக்கா, போன வாட்டி தைலம் குடுத்தீங்களே, அதோட பேரு இன்னா? தலைவலி சட்டுனு உட்டுடுச்சு."

"எப்போ?"

"ராத்திரி வந்து கதவத் தட்னேனே. கைய மட்டும் வெளிய நீட்னீங்க. அப்பா! இன்னா ஜில்லுனு இருந்துச்சு கை."

"இதுக்கு வெளிச்சமே ஆவறதில்ல," என்று சக்ரேஸ்வரியம்மாள் சிரித்தாள். "லைட்டு போட்டா முந்தானையால மூஞ்ச மூடிக்கும். நாடகத்துலயும் விளக்கு அணைஞ்சப்புறம்தான் வந்து நடுவுல உக்காரும். இன்னிக்குத்தான் நல்லா பாக்கறேன். லட்சணமாத்தான் கீற, எதுக்கு மூடிக்கற?"

எழிலரசியின் விரல்களில் நூல் நின்றது. ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறார். தன் பெயரில். தன் ஆதாரில். தான் கேட்டு வாங்கிக் கொடுத்த அறையில். முகத்தை மூடச் சொல்லி, பெண்டாட்டி என்று காட்டி.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அது நான் இல்லீங்க' என்று மூணு வார்த்தை. ஆனால் சொன்னால் ஊர் சிரிக்கும். பொறாமைக்காரிக்கு வெளியூர் சக்களத்தியைவிட உள்ளூர் சிரிப்பு பெரிய பயம். அதற்கும் மேலே, தன் இடத்தை இன்னொருத்தியுடையது என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வாள்?

"ஆமாங்கம்மா," என்றாள். "நான்தான். எனக்கு வெளிச்சம் ஒத்துக்காது."

சொன்னதும் சோபாவின் நடுவில் மெத்தை மெல்ல அமுங்கியது போலிருந்தது. மின்விசிறிக் காற்றில் மேலுறை அசைந்திருக்கும்.

விருந்தாளிகள் போனதும் பிடித்துக்கொண்டாள். ஜீவானந்தம் முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு பூஜை மாடத்தின் முன்னால் நின்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். "யாரையும் கூட்டிகினு போகல எழிலு. நீ சொல்ற மாதிரி இடம் விட்டுப் படுக்கறேன், அவ்ளோதான்." மேலும் சொன்னார்: "காலைல பாத்தா அந்தப் பக்கம் தலகாணி அமுங்கி இருக்கும். நீ நெனச்சிகினே படுத்திருப்பன்னு தோணும். சந்தோஷமாத்தான் இருக்கும். அங்க நீ சண்ட போடறதில்ல பாரு."

அவர் தூங்கியபின் அவள் பையைக் கொட்டினாள். சென்னையில் வாங்கி அங்கேயே போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று, இன்னும் தண்ணீர் காணாதது. அதன் தோளில் ஒரு நீள முடி. கிடைத்தாள் என்று விளக்கடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள். நுனியில் மருதாணிச் சிவப்பு, நடுவில் கருப்பு, வேரோரம் ஒரு விரற்கடை நரை. தன் பின்னலிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தாள். எது எதுவென்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் நிம்மதியாகப் படுத்திருப்பாள். இவளுக்கு அந்த முடியின் மேலேயே பொறாமை வந்தது. அவர் தோளில் தான் சாய்ந்து எத்தனை வருஷம் ஆகிறது!

லாட்ஜை மாற்றினாள். மூன்று நாள் போனும் கையுமாக இருந்து, பழைய இடத்துக்கு எட்டாத தெருவில் ஒன்றைப் பிடித்தாள். ஒற்றைக் கட்டில், கவுண்டருக்கு நேர் எதிரே கதவு, வாசலில் கேமரா. ஆதார் நகலைத் திருப்பி வாங்கிக் கிழித்தாள். கவுண்டர் ஆளிடம் தானே பேசினாள். "ஒருத்தர்தான் வர்றாரு. கூட பொம்பள யார் வந்தாலும் உள்ள விடாதீங்க." சனிக்கிழமை அவர் கிளம்பும்போது, இனி இடம் கிடம் எதுவும் விடவேண்டாம், நடுவில் படுங்கள் என்றும் சொல்லி அனுப்பினாள்.

அன்று ராத்திரி தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்து, எதிர்வீட்டு முனியம்மா பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் ஒலியும் ஓய்ந்து, சாயப்பட்டறைப் பக்கமிருந்து வரும் புளிப்பு வாடை மட்டும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, எழிலரசி கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழகிய நேரம் வந்தது. கூப்பிடக்கூடாது என்றிருந்தாள். கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும். எடுக்கவில்லை. கவுண்டருக்குப் போட்டாள்.

"ஆரணி சாருங்களா? நாடகம் முடிஞ்சு இப்பத்தான் வந்தாங்க. சாரும் வீட்டம்மாவும் ரூமுக்குப் போயிட்டாங்க."

"எந்த வீட்டம்மா? ஒத்தையாள் ரூம்னு சொன்னேனே? யாரையும் விடாதீங்கன்னு சொன்னேனே?"

"அத சொன்னதே அவங்கதானேங்க. 'போன்ல பேசினது நான்தான், மனசு கேக்கல, நானும் வந்துட்டேன்'னாங்க. அதே குரலு. ஆதாரும் குடுத்தாங்க, எழிலரசின்னு." அவன் குரலில் இப்போது சந்தேகம் வந்தது. "நீங்க யாரு பேசறது?"

அவள் பதில் சொல்லுமுன், "இதோ தண்ணி பாட்டிலுக்கு அவங்களே வந்துட்டாங்க. பேசுங்க," என்றான்.

போன் கை மாறும் உரசல். வளையல் சத்தம். மூச்சு.

"யாரு?"

தன் குரல். கடையில் வேலை செய்யும் பெண்களிடமும், தவறான எண்ணில் கூப்பிட்டவர்களிடமும் யாரென்று அவள் அதட்டும் அதே குரல். அதே கூர்மை.

"யாருன்னு கேக்கறன் இல்ல? ராவுல எம் புருஷனத் தேடிகினு இருக்கற பொம்பள யாரு நீ? பேரச் சொல்லு."

எழிலரசி வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. பல்லுக்குப் பின்னால், நாக்கின் அடியில், தொண்டையில் தேடினாள். இருந்த இடம் தெரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

"சொல்ல மாட்ட. உன்ன மாதிரி எத்தினி பேரப் பாத்திருக்கேன்." ஒரு சின்னச் சிரிப்பு. "வை போன. அவரு தூங்கட்டும்."

வைத்தாள்.

சாய வாடை நின்றுவிட்டது. காற்று இருந்தது, வாடை இல்லை. போன் வெளிச்சம் அணைந்தது. விரலால் தொட்டாள். தொட்டாள். திரை அவளை அறியவில்லை. எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட சத்தம் கேட்டதா? தெரியவில்லை. தண்ணீர் குடித்தாள். தொண்டை நனையவில்லை. விளக்கைப் போடப் போனவள் போடவில்லை. வெளிச்சம் வேண்டாம் என்றிருந்தது. தெருவிளக்குக்கே கண் கூசியது. முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

விடியும்வரை அப்படியே.

ஆட்டோ வந்து நின்றது. இரண்டு ஜோடி செருப்பு.

"ஊர்லேந்து வந்துட்டியா எழிலு? பஸ்ஸு ஒத்துக்கிச்சா?" முனியம்மாவின் குரல்.

"இப்பல்லாம் ஒண்ணும் பண்றதில்லக்கா."

பூட்டில் சாவி திரும்பியது. தாழ்ப்பாள் இல்லாதது போல் கதவு திறந்தது. ஜீவானந்தம் பையோடு வந்தார். பின்னால் அவள் வந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. காலை வெளிச்சம் முழு முகத்திலும் விழுந்தது. அவள் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. எழிலரசி நடுக்கூடத்தில் வழி மறித்து நின்றாள். கத்தினாள். அவர் நேரே நடந்து வந்தார். அவர் சட்டையின் வியர்வை மணம் அவள் வழியாகவே போயிற்று. முதுகுப் பக்கம் பை தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஜல்தியா காபி குடு," என்றார் அவர். எத்தனையோ வருஷமாக எழிலரசி கேட்காத குரலில், கொஞ்சலாக.

"முதல்ல இந்த வேலைய முடிச்சுடறேன். அடுத்த மாசம் கும்பகோணம் நாடகத்துக்கு சார் சொன்ன விடுதி. லெட்டர் போட்டாத்தான் ரூம் தருவாங்களாம்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினாள். எழிலரசி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். தன் கையெழுத்து. தங்குவோர் இருவர், கணவன் மனைவி. ஒரே கட்டில் போதும். உள்கதவு இல்லாத அறையாக இருக்கவேண்டும். வேறு பெண் யார் கேட்டு வந்தாலும், போன் செய்தாலும் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம். அவசரத்துக்கு ஊரில் தொடர்பு கொள்ள வேண்டியவர்: வீட்டில் யாரும் இல்லை.

உறையின் விளிம்பை நாக்கால் நனைத்தாள். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் தேய்த்தாள்.

"வாங்க, சேந்தே போயி போட்டுட்டு வரலாம்," என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில், பட்டப்பகலில். வெளியே பூட்டு விழுந்தது.

எழிலரசி ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். குச்சு கட்டிய புடவையை வாங்கிப்போக வந்த ஆள் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"பூட்டிகினு இப்பத்தான் போறாங்கப்பா, தெருமுனைக்கு," என்றாள் முனியம்மா. "செத்த நில்லு."

அவன் ஜன்னல் அருகே வந்தான். நேராக எழிலரசியின் கண்ணுக்குள் பார்த்தான். அவள் அடிப்பதை நிறுத்தினாள். அவன் பைச்சீப்பை எடுத்து, கண்ணாடியில் தலையைச் சாய்த்து, நிதானமாக வகிடெடுத்து வாரிக்கொண்டான்.

அவன் காதுக்கு அப்பால், தெருமுனையில், அவர்கள் இருவரும் சிவப்புப் பெட்டியின் முன் நின்றார்கள். அவள் உறையை உள்ளே விட்டாள். விழுந்துவிட்டதா என்று பெட்டியைக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.