நாற்பத்தேழு டிகிரி முதுகு

பிணத்துக்கு முகம் இல்லை!

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தில் எரிந்து கிடந்த தேயிலை லோரிக்குள் அடையாளம் தெரியாமல் கருகியிருந்தது. விரலில் ஒரு மோதிரம்தான் மிச்சம்.

மோதிரத்தைப் பார்த்ததும் குமுதா பிணவறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஹரிதாஸோடதுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர் லிங்கேஸ்வரன்.

"எங்க வீட்டுக்காரரோடதுதான். ஆனா அவரு சாகலை சார்."

எல்லா மனைவிகளும் சொல்வதுதான். லிங்கேஸ்வரனுக்கு அலுத்துவிட்டது. எஸ்டேட் லோரி டிரைவர் ஹரிதாஸ், பிரிஞ்சாங் ஊர்க் கடைக்காரர் கொலையில் அவர் வலைவீசித் தேடிய ஆள். செத்துத் தொலைந்தான்... கேஸ் முடிந்தது.

டாக்டர் வனஸ்ஸா கம்ப்யூட்டரைத் திருப்பினாள்.

"டி.என்.ஏ. பார்க்க அவருக்கு ரத்த சொந்தம் யாருமில்ல. அதனால முதுகெலும்பை ஸ்கேன் பண்ணோம். கம்ப்யூட்டரே ஒவ்வொரு எலும்பையும் தேடிப் பிடிச்சு வளைவை அளந்துடும். இது முன்னாடி ஹரிதாஸ் பேருல எடுத்த எக்ஸ்ரே. நாப்பத்தேழு டிகிரி. பிணத்துக்கும் அதேதான். எலும்போட வடிவம்கூட ஒத்துப்போகுது."

"நாப்பத்தேழுன்னா?"

"முதுகு நல்லா கோணியிருக்கும். சட்டை போட்டாலும் தெரியும்."

குமுதா எழுந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப இது அவரு இல்ல லா. கல்யாணமான நாள்லேருந்து நான் எண்ணெய் தேய்ச்ச முதுகு. கோணல்னா என் கைக்குத் தெரியாதா?"

"எக்ஸ்ரேல அவன் பேரு இருக்கே?"

"பேருதான் அவரோடது. முதுகு சுப்பனோடது."

"யாரு சுப்பன்?"

"எங்க எஸ்டேட் லயத்து வீட்டுல இருக்குற, கொழுந்து வெட்டுற ஆளு. பொறந்ததுலேருந்து ஐ.சி. கிடையாது, அடையாள அட்டையே இல்லாத ஆளு. அது இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போனா வெளிநாட்டுக்காரன் ரேட்டு கேப்பாங்க. எங்க வீட்டுக்காரருதான் தன்னோட ஐ.சி.யைக் குடுத்து அனுப்புனாரு. லயத்துல இதெல்லாம் சகஜம் சார்."

"சுப்பன் இப்ப எங்க?"

"ஒரு வாரமா ஆளக் காணோம்."

"யாரும் ரிப்போர்ட் குடுக்கலையா?"

"ஐ.சி. இல்லாதவனக் காணோம்னு யாரு சார் எழுதிக்குவாங்க?"

பாவப்பட்ட ஜென்மம். பிறந்ததற்கும் பேப்பர் இல்லை... செத்ததும் அடுத்தவன் பெயரில்!

லிங்கேஸ்வரன் நிதானமாகக் கேட்டார்.

"சுப்பன் விரல்ல உங்க வீட்டுக்காரர் மோதிரம் எப்படி வந்துச்சு? அவரு லோரில ஏன் எரிஞ்சான்? அந்த எக்ஸ்ரே யாரோடதுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

குமுதாவுக்குப் புரிந்துவிட்டது... எல்லாம் புரிந்துவிட்டது. சுப்பன் கொலையிலும் கட்டியவனைக் காட்டிக்கொடுத்தது அவள் வாய்தான்.

"சார்... நான் பொய் சொல்லிட்டேன். அவரு முதுகும் கோணல்தான்."

லிங்கேஸ்வரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைப்பேசியில் பேசினார்.

"ஹரிதாஸ் உயிரோட இருக்கான். மலையை விட்டு வெளியேறுற கோலா தெர்லா ரோட்டை மறிங்க."

பிறகு அவளிடம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரரு கெட்டிக்காரருதான் அக்கா. கம்ப்யூட்டரையே ஏமாத்திட்டாரு... பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்ல மறந்துட்டாரு!"