பூஜ்ய எண் வீடு

அந்த ஒரு வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

காலையிலிருந்து மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூடிய ஜன்னல்களுக்குள் ஏசியின் ஈரவாடையும், யாரோ காயப்போட்ட குடையின் ரப்பர் நாற்றமும், சூடேறிய கணினிகளின் மெல்லிய தூசி மணமும் கலந்து நின்ற அந்த நீளமான அறையில், அவள் மற்றவர்கள் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஓட்டை தேடுவதுதான் அவள் வேலை. எந்த வழியாக வேண்டாதவர்கள் உள்ளே புகலாம், எங்கே பூட்டுப் போட மறந்திருக்கிறார்கள், எங்கே உபயோகமில்லாத குப்பை சேர்ந்து கிடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அவளைப் பெண் பார்க்க வருகிறவன் கூட முதலில் தன்னிடம் எத்தனை ஓட்டை என்று கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் விட்டுவந்த குழந்தையையோ நோயாளியையோ கைபேசியில் பார்த்துக்கொள்வதற்கான செயலி அது. அறையில் ஒரு சின்ன கேமரா மாட்டிவிட்டால் போதும், பார்க்கலாம், கேட்கலாம். அவள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து, பகலில் பார்த்துக்கொள்கிற பெண் சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபின் இவள் போய்ச் சேரும்வரை, அந்தக் கேமராதான் அவருக்குத் துணை.

காலையில் பெரிய ஓட்டை ஒன்றைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. முகவரியில் அந்த எண்ணை மாற்றினால் அடுத்தவர் வீட்டுப் படுக்கையறை தெரிந்தது. பார்ப்பவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர்தானா என்று நிரல் கேட்கவே இல்லை. உள்ளூரக் கொதித்தபடி அதைச் சரிசெய்தாள். மத்தியானம் வாக்கில்தான் இந்த வரி கண்ணில் பட்டது.

வீட்டு எண் பூஜ்யமானால் படத்தைக் காட்டாதே, ஒலியையும் அனுப்பாதே. அவ்வளவுதான்.

எண்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்கின. பூஜ்யம் என்று வீடே கிடையாது. இல்லாத வீட்டுக்கு எதற்குப் பூட்டு? எழுதியவன் ஒட்டடைக்கொம்பு. நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் அந்தப் பெயர். மற்ற எல்லா இடத்திலும் பக்கம் பக்கமாக விளக்கக் குறிப்பு எழுதுகிறவன், இங்கே ஒரு வார்த்தை எழுதவில்லை. போன வருடம் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கூட எடுக்காமல் எழுந்து போனவன்தான், திரும்பி வரவில்லை.

மேலாளரிடம் கேட்டாள். உபயோகமில்லாததை எல்லாம் தூக்கிப் போடத்தானே உங்களை வைத்திருக்கிறது என்றார் அவர். அவள் அந்த வரியை அழித்து, காலையில் செய்த திருத்தத்தோடு சேர்த்து சர்வருக்கு அனுப்பினாள். சோதனைக்காக எல்லாப் பூட்டும் திறக்கிற தன் கணக்கில் நுழைந்து, வழக்கப்படி, பூஜ்யம் என்று தட்டிப் பார்த்தாள். ‘அப்படி ஒரு வீடு இல்லை’ என்று வரவேண்டும்.

வட்டம் சுற்றியது. படம் வந்தது.

ஓர் அறை. ஜன்னல் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஈரம் ஊறிய சுவர், தரையில் ஒரு பொருளும் இல்லை. மூலையில் ஒருவர் சுவரைப் பார்த்தபடி, நெற்றி ஏறக்குறைய சுவரில் படும்படி, கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. காதில் மாட்டியிருந்த ஒலிப்பான் வழியாக, நனைந்த துணியை யாரோ மெதுவாகப் பிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அது மூச்சு என்று புரிந்தது.

பிறகு அது நின்றது. கவனிக்கிறவர்கள் மூச்சை அடக்குவதுபோல.

அவள் ஒலிப்பானைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். கை தானாகவே அழித்த வரியைத் திரும்ப எழுதியது. சர்வருக்கு அனுப்பிவிட்டு மறுபடி பூஜ்யத்தைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. நல்லவேளை. ஒட்டடைக்கொம்பு எப்போதோ சோதனைக்குப் போட்டுவைத்த பழைய படமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டீ எடுத்துவந்து, அதைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுகிற பெண் வந்து நின்றபோது டீயில் ஆடை படிந்திருந்தது. ஓர் அம்மா அழுகிறார் என்றாள் அவள். குழந்தை தூங்குகிற அறையில் யாரோ சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது படத்தில் தெரிகிறதாம், பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லையாம். அவள் பேசி முடிக்குமுன் அவளுடைய இடத்தில் மறுபடி மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

சோதனைக்கென்று ஒரு கேமரா பக்கத்துக் கூட்ட அறையிலேயே இருந்தது. அதைத் திறந்தாள். காலி நாற்காலிகள். வெள்ளைப் பலகை. பலகைக்குப் பக்கத்து மூலையில் தொங்கும் கைகள்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். விளக்கு எரிந்தது. மூலையில் ஒன்றுமில்லை. அங்கே போய் நின்றாள். காற்று மட்டும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோலக் குளிர்ந்திருந்தது. கையிலிருந்த போனில் அதே அறை. அதில் அவளே நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளுக்கும் அந்த முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கூட இல்லை.

வெளியே எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

ஒட்டடைக்கொம்பின் எண் இன்னும் போனில் இருந்தது. அவன் எடுப்பான் என்று அவள் நம்பவில்லை. முதல் மணியிலேயே எடுத்தான்.

“அந்த வரியை எடுத்துட்டியா?”

“திரும்பப் போட்டுட்டேன்.”

“அது உள்ள இருக்கறவரைக்கும்தாம்மா அந்த வரி பூட்டு.”

என்ன அது என்று கேட்டாள். தெரியாது என்றான். ஏன் எதுவும் எழுதி வைக்கவில்லை என்று கேட்டாள். எழுதி வைத்தால் யாராவது திறந்து பார்ப்பார்கள், எழுதாவிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“அப்போ, நீ பூட்டறதுக்கு முன்னாடி அது எப்படித் திரும்பிப் போச்சு?”

“அதுக்கு ஒரு ஆள் கிடைச்சதும் தானாவே போச்சு. அப்புறம்தான் பூட்டினேன்.” மூச்சை இழுத்துவிட்டான். “என் தங்கச்சி வீட்ல கேமரா இருந்துச்சு. உன் வீட்ல இருக்கா?”

“அப்பா ரூம்ல இருக்கு.”

“பிடுங்கி எறியச் சொல்லு. இப்பவே,” என்றான். அது உதவுமா என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மேலாளரிடம் ஓடினாள். எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள் என்றாள். அவர் கூட்ட அறையின் படத்தை நெடுநேரம் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும், எத்தனை வீட்டில் குழந்தைகள், எத்தனை வீட்டில் நோயாளிகள், ஒரு படக் கோளாறுக்காக எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட முடியுமா, காலையில் பேசிக்கொள்ளலாம் என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் போனில் தன் குழந்தையின் தொட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

சாலையில் இறங்கி ஓடியபடியே அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை அழைத்தாள். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது.

“நான் அப்பவே கிளம்பிட்டேனே அக்கா. மழை வருதுன்னு சீக்கிரமா வந்துட்டேன்.”

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார், மத்தியானத்திலிருந்து சாப்பாடு மட்டும் இறங்கவில்லை என்றாள் அந்தப் பெண். “அந்த அலமாரி பக்கமே பாத்துட்டு இருந்தாருக்கா. திருப்பிப் படுக்க வெச்சாலும் கழுத்து அங்கேயேதான் போகுது.”

திரும்பிப் போய்க் கேமராவைக் கழற்ற முடியுமா என்று கெஞ்சினாள். முயற்சி செய்வதாகச் சொன்னாள் அவள். இருவர் இருந்த சாலையிலும் வண்டிகள் நகரவில்லை.

பேருந்தில் ஏறினாள். நனைந்த சட்டைகளுக்கும் முதுகுகளுக்கும் நடுவே கம்பியைப் பிடித்து நின்றபடி, செயலியில் தன் வீட்டை நீக்கினாள். ‘நீக்கப்பட்டது’ என்று வந்தது. மூச்சு விட்டாள். உறுதிப்படுத்திக்கொள்ளத் தன் வீட்டு எண்ணைத் தட்டினாள்.

வட்டம் சுற்றியது.

அப்பாவின் அறை. நீல விரிப்பு. தண்ணீர் ஜாடி. அலமாரி. அலமாரிக்குப் பக்கத்து மூலை காலி.

காலிதான்.

அவளுக்கு ஒரு கணம் அழக்கூடத் தோன்றியது. அப்பா மல்லாந்து, கண்ணைத் திறந்தபடி, எப்போதும்போல ஒரு பக்கம் சரிந்த வாயோடு படுத்திருந்தார். மெத்தையின் ஓரம் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது. யாரோ உட்கார்ந்த பள்ளம்.

படம் ஒருமுறை நடுங்கியது.

பள்ளத்தின் மேல் முதுகு இருந்தது.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். முன்னால் தண்ணீர் நிற்கிறதாம். யாரோ சலித்துக்கொண்டார்கள். கதவைத் திறந்துவிடுங்கள் என்று அவள் சொன்னாள், சொன்னதாக நினைத்தாள். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. போனைக் கீழே வைக்க முடியவில்லை. கண்ணை மூடவும் முடியவில்லை.

அது அப்பாவின் மேல் குனிந்தது. அவசரமில்லாமல். நோயாளிக்கு ஊட்டிவிடுகிறவர்களின் பொறுமையோடு, இடது கையை அவர் தலைக்குக் கீழே கொடுத்துக் கொஞ்சம் தூக்கியது. வலது கையின் விரல்கள் குவிந்தன. அதில் ஒன்றும் இல்லை.

அப்பா வாயைத் திறந்தார்.

விரல்கள் உள்ளே போயின. பிறகு உள்ளங்கை. மணிக்கட்டு.

போனில் நனைந்த துணியைப் பிழிகிற சத்தம்.

முழங்கை.

தோள்.

அடுத்தது தலை. அது தன்னை மெல்ல ஒடுக்கிக்கொண்டது. அப்பாவின் கண்கள் அந்த முதுகைத் தாண்டி, கேமராவை, அவளை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. அவருடைய தொண்டை ஒவ்வொரு வாயாக, கவனமாக, விழுங்கிக்கொண்டிருந்தது.