பின்கதவுக்கு வயர் இல்லை

பீர்மேட்டைத் தாண்டி, மூடிக்கிடக்கும் எஸ்டேட்டின் கேட்டில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது பட்டப்பகல். அதை நான் சொன்னால்தான் தெரியும். மஞ்சு என்று இந்த மலையில் சொல்கிற பனிமூட்டம் இறங்கியிருந்தது. என்னை இறக்கிவிட்ட பஸ்ஸே இரண்டு மூச்சுக்குள் காணாமல் போய், அதன் இன்ஜின் மட்டும் யாரோ இருமிக்கொண்டே நடந்துபோவதுபோல வளைவு வளைவாகக் கேட்டது. என் பையில் இரண்டு சட்டை, ஒரு டெஸ்டர், கொஞ்சம் வயர், ஒரு பஸ்ஸர்.

பஸ்ஸரை வரும் வழியில் குமுளியில் செபாஸ்டின் என்பவரின் வண்டிச் சாமான் கடையில் வாங்கினேன். பாட்டுப் பாடுவது, நாய்போலக் குரைப்பது, பெண் குரலில் வழிவிடச் சொல்லிக் கெஞ்சுவது என்று வகைவகையாக எடுத்துப் போட்டார். சும்மா அலறினால் போதும் என்றேன். அப்படி ஒன்றைக் கேட்டு யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. தேடி எடுக்க நேரமாயிற்று.

என்னை வரச்சொன்னது ஆனந்தி அக்கா. நிறைமாதம். வயிற்றில் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தது. வலி கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக்கூடாது, உடனே கொண்டுவந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிரும் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அட்மிட் ஆவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் எஸ்டேட் தொழிலாளர்களின் அந்த லயத்து வீடுகள் அத்தனைக்கும் இருந்த ஒரே வண்டி, பாண்டித்துரை அத்தானுடைய பழைய கறுப்பு ஃபியட்.

எஸ்டேட் மூடியபோது பங்களாவில் கிடந்த அந்தக் காரை யாரும் கேட்காத அடிமாட்டு விலைக்கு எடுத்து, துடைத்து, போர்டு மாட்டி, டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார் அத்தான். என் அப்பாவைவிட மூத்த வண்டி. ஃபோட்டோவில் எங்கள் குடும்பத்தில் எல்லாரையும்விட நன்றாக விழும். ஒரே ஒரு குறை. இந்த மலையில் மஞ்சுக் காலத்தில் பகலிலும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். இறங்கும்போது அணைக்க மறந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணில் படாது. அப்புறம் பேட்டரி செத்துக் கிடக்கும். அத்தானுக்கு அது வாடிக்கையாகிவிட்டது. அதற்காகவே காரைச் சரிவில் நிறுத்தி, டயருக்குக் கல் வைத்திருப்பார். கல்லை எடுத்து உருட்டிவிட்டால் பேட்டரி செத்திருந்தாலும் சில நேரம் பிடித்துக்கொள்ளும். சில நேரம் அடிவாரம்வரை உருண்டுபோய் அங்கே நிற்கும்.

"இந்த மனுசனுக்கு ஊரான் வீட்டு ஆட்டுக்குட்டி பேருகூட மறக்காது. லைட்ட அணைக்க மட்டும் மறந்துரும்" என்றாள் அக்கா, அவர் காதில் விழும்படி. "நீ படிச்ச படிப்புக்கு இதையாவது உருப்படியா செஞ்சு குடுத்துட்டுப் போடா, ஈஸ்வரா."

நான் எலக்ட்ரிக்கல் கடைசி வருடம். அத்தான் தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

வேலை எளிது. லைட்டுக்குப் போகிற வயரிலிருந்து பஸ்ஸருக்கு ஒரு முனை. பஸ்ஸரின் மறுமுனை, டிரைவர் கதவு மூடும் இடத்தில் வைக்கிற ஒரு சின்னப் பொத்தானுக்கு. கதவு மூடியிருந்தால் பொத்தான் அமுங்கிக் கிடக்கும், சத்தம் வராது. லைட் எரியும்போது கதவைத் திறந்தால் அலறும். ஆக, மறதிக்காரர் காரைவிட்டு இறங்கவே முடியாது.

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டு மாட்டினேன். துணி சுற்றிய பழங்காலத்து வயர்கள். தொட்டால் உதிர்ந்தன. காருக்குள் பெட்ரோலும் பழைய ரெக்சினும் மணக்கும் என்று நினைத்திருந்தேன். நனைந்த கம்பளி வாடைதான் அடித்தது. அதுவும் பின்சீட்டிலிருந்து. டூரிஸ்டுகள் எதை எதையெல்லாமோ விட்டுவிட்டுப் போவார்கள்.

மாட்டி முடித்து, லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அலறியது. மூடினேன். நின்றது. லைட்டை அணைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் செய்த ஒன்று நினைத்தபடி வேலை செய்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நாலடி நடந்திருப்பேன்.

முதுகுக்குப் பின்னால் மஞ்சு வெளுத்தது.

திரும்பினேன். ஹெட்லைட் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே யாரும் இல்லை.

பஸ்ஸர் அலறியது.

டிரைவர் கதவு மூடித்தான் இருந்தது. ஸ்விட்ச் கோளாறாக இருக்கும் என்று, கதவைத் திறந்து பொத்தானை விரலால் அமுக்கிப் பிடித்தேன். நிற்கவில்லை. பொத்தானிலிருந்து வயரையே பிடுங்கினேன். கையில் அறுந்த வயர் தொங்கிக்கொண்டிருந்தது; பஸ்ஸர் நிற்கவில்லை.

பிறகு கார் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. பாரமான ஒருவரைப் பார்த்துப் பார்த்து உட்காரவைத்தால் தாழுமே, அப்படி.

பின்கதவு மூடும் சத்தம் கேட்டது.

பஸ்ஸர் நின்றது.

பின்கதவுக்கு நான் வயரே இழுக்கவில்லை.

அத்தான் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை. பின்சீட்டைப் பார்க்காமல், கையை விட்டு ஹெட்லைட்டை அணைத்தார்.

"நான் ஒரு நாளும் மறக்கல, மாப்ள" என்றார் மெதுவாக. "அணைச்சிட்டுத்தான் வருவேன். அது போட்டுக்கிரும்."

அப்போதுதான் சொன்னார். கார் பங்களா துரையிடம், அதாவது எஸ்டேட் மேனேஜரிடம், இருந்த காலத்தில், லயத்தில் சுருளியம்மாள் என்று ஒருத்திக்கு இதேபோல ஒரு மஞ்சு நாளில் வலி கண்டது. துரை காரைக் கொடுத்தனுப்பினார். கார் நிற்கிற இடத்துக்கு மேலே லயத்திலிருந்து அவளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிவர வேண்டும், மஞ்சில் பாதை தெரியாது. தூக்கிவருகிறவர்களுக்கு வெளிச்சம் காட்ட டிரைவர் லைட்டைப் போட்டுவைத்துக் காத்திருந்தான். இங்கே எல்லா டிரைவரும் செய்கிற உபகாரம்தான். அவர்கள் வந்து சேர வெகுநேரமாகிவிட்டது. பின்சீட்டில் ஏற்றியபோது பேட்டரி செத்திருந்தது. துரையின் டிரைவருக்குச் சரிவில் நிறுத்துகிற பழக்கம் கிடையாது. தள்ளியும் பார்த்திருக்கிறார்கள். அவள் அந்த சீட்டிலேயே போய்விட்டாள், பிள்ளையும் வயிற்றோடு.

யாரும் கேட்காத விலை எப்படி வந்தது என்று புரிந்தது.

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பிள்ளைத்தாய்ச்சிகிட்ட சொல்லுற கதையா இது, என்னை மறதிக்காரன்னு திட்டிட்டுப் போகட்டும் என்றார். பேட்டரி வயரைக் கழற்றிவைத்தும் பார்த்தாராம். கழற்றிவைத்த பேட்டரியும் செத்துத்தான் கிடந்ததாம். எலக்ட்ரிக்கல் கடைசி வருடத்துக்காரன் இதற்கு ஏதாவது சொல்வான் என்று என் முகத்தைப் பார்த்தார். எங்கள் சிலபஸில் அது இல்லை.

திங்கட்கிழமைவரை பொறுக்கவில்லை. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கே அக்காவுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். கீழே ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றித்தான் வர முடியும் என்றார்கள். வெளியே மஞ்சு வீட்டு வாசலில் சுவர் வைத்ததுபோல நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியமுத்துவும் சிலுவைராஜும் கம்பளியின் இரண்டு முனைகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். நடுவில் அக்கா. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதையே தெரியவில்லை. ஒருபக்கம் தேயிலைச் சரிவு. கால் தப்பினால் அவ்வளவுதான்.

கீழே காருக்கு ஓடிய அத்தானை வெளிச்சம் போடச் சொல்லிச் சிலுவைராஜ் கத்தினார். வெளிச்சம் வரவில்லை. மறுபடி கத்தினார். அத்தான் எதை நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

வெளிச்சம் வந்தது. வேறு வழியில்லை.

அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாதிவழியில் கீழே பஸ்ஸர் அலறி, நின்றது. அதை நான் கழற்றிப் பையில் வைத்து நாலு நாளாகிறது.

காருக்கு வந்து சேர்ந்தபோது லைட் மினுக்மினுக்கென்று சிவந்துகொண்டிருந்தது. அக்காவைப் பின்சீட்டில் ஏற்றினோம். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. கல்லை எடுத்தோம். சரிவில் நின்ற கார் உருளவில்லை. அத்தான் ஸ்டீயரிங்கில் இருக்க, மூன்று ஆம்பளைகள் முக்கித் தள்ளிய பிறகுதான், மனமில்லாமல் நகர்ந்தது; நான் ஓடி முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மூன்றாவது வளைவில் இன்ஜின் பிடித்தது. அத்தான் அழுதுகொண்டே ஓட்டினார்.

நான் முன்சீட்டிலிருந்து பின்னால் திரும்பி அக்காவின் கையைப் பிடித்திருந்தேன். அவள் கதவோடு ஒட்டி, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"அவங்களக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுடா" என்றாள். "இடிக்கிறாங்க."

நான் யாரிடம் சொல்வது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதுமே நிமி சிஸ்டர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் மலையாளம் கலந்த தமிழில் அக்காவோடு சிரித்துப் பேசுகிறவர். கூட இரண்டு அட்டெண்டர்கள். அக்கா பக்கத்துக் கதவைத் திறப்பார்கள் என்று பார்த்தால், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் திறந்தார்கள். மூன்று பேரும் குனிந்து, கைகொடுத்து, பார்த்துப் பார்த்து எதையோ தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். கம்பளியை விலக்குவதுபோல சிஸ்டர் கையை அசைத்தார். ஸ்ட்ரெச்சரில் விரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

காரின் பின்பக்கம் மேலெழுந்தது.

நான் கத்தினேன். அக்கா இங்கே இருக்கிறாள் என்று காரைத் தட்டிக் காட்டினேன். சிஸ்டர் அக்காவைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"ஆனந்தி, கொஞ்சம் வெய்ட் செய்யணும் கேட்டோ. அவங்களுக்குக் குழந்தையோட தல கண்டாச்சு. ஸ்ட்ரெச்சர் ஒண்ணே ஒண்ணுதான்."

வெற்று ஸ்ட்ரெச்சரை மூன்று பேரும் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரங்கள் பாரத்தில் கீச்சிட்டன. லேபர் ரூம் கதவு மூடிக்கொண்டது.

அத்தானும் நானும் அக்காவைத் தூக்கப் பார்த்தோம். வலியில் அவள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. விரல்களைப் பிரிக்கப் பிரிக்க மறுபடி இறுகின. பிறகு சட்டென்று அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது. அக்கா முனகுவதை நிறுத்தினாள்.

உள்ளே ஒரு குழந்தை அழுதது.

போன வேகத்திலேயே கதவு திறந்தது. இத்தனை வருடம் காத்திருந்த பிரசவத்துக்கு நேரம் பிடிக்காதுபோல. நிமி சிஸ்டர் கையில் பச்சைத் துணியோடு நேராக எங்களிடம் வந்தார்.

"பெண்ணு. அம்மாவுக்குக் குழப்பம் ஒண்ணுமில்ல, நல்லா இருக்காங்க" என்று சிரித்தார். துணியை அத்தான்முன் நீட்டினார்.

துணி நடுவில் குழிந்திருந்தது. உள்ளே எதுவும் இல்லை.

அத்தான் வாங்கக்கூடாது என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் நீட்டினால் கை தானாகத்தான் போகிறது. வாங்கியதும் அவருடைய முழங்கைகள் பாரத்தில் இறங்கின. அழுகைச் சத்தம் துணிக்குள்ளிருந்து வந்தது.

"சூடா இருக்கு, மாப்ள" என்றார்.

பின்சீட்டில் அக்கா வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அங்கும் இங்கும் நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது வலி இல்லை.

"டேய்" என்றாள், "உள்ள ஒண்ணுமே அசையலடா."