பொட்டால் வந்தவள்

"உன்ரை கொண்ணன் உந்தக் கொட்டிலுக்குள்ளை அப்பிடி என்னடி செய்யிறான்?" என்று பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் மாமி ஒருமுறை கேட்டாள்.

அண்ணை றேடியோ திருத்துகிறார் என்றாள் இராசமலர்.

"ஒருநாளும் பாடிக் கேக்கேல்லை. ஊமை றேடியோவோ?" மாமி சிரித்தபடி வேலிப் பொட்டுக்குள் குனிந்து மறைந்தாள். கோப்பாயில் ஆண்கள் ஒழுங்கையால் போவார்கள். பெண்களுக்கோ வளவுக்கு வளவு வேலியில் ஒரு பொட்டு இருக்கும், ஓர் ஆள் குனிந்து நுழையுமளவு.

மாமி செத்து ஒரு மாதம். இன்று இருள் கவியும் மைமல் பொழுதில் அந்தப் பொட்டை மறைத்த கிடுகோலை அசைந்தது.

காற்றில்லை. கிணற்றடி வாழைகள் ஓர் இலைகூட ஆடாமல் நிற்க, கொட்டிலிலிருந்து வரும், அழுகிய மாம்பழம் போன்ற அந்த இனிப்பு மணம் முற்றமெல்லாம் தேங்கிக் கிடக்க, காய்ந்த சருகின்மேல் ஒரு காலடி கேட்டது, அதன் பின்னால் எதையோ மண்ணில் இழுக்கிற சத்தமும் கேட்டது. மறுபடி ஒரு காலடி. இழுவை.

போன மாதம் அண்ணை தானே கண்டுபிடித்துச் செய்த முதலாவது கண்ணிவெடியைத் தரிசாய்க் கிடந்த புகையிலைத் தோட்டத்தில் புதைத்தான். "அங்கை ஆரும் வராயினம்" என்றான். பொட்டுகளின் பாதை அந்தத் தோட்டத்தால்தான் போகிறது என்று இராசமலருக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. சொல்லவில்லை.

வெடித்தபோது, "வேலை செய்யுது!" என்று துள்ளினான். ஆட்டுக்கென்று மாமி ஒடித்துவந்த குழை தோட்டமெங்கும் சிதறிக் கிடந்தது. ஊர் அதை ஆமியின் ஷெல் என்றது. செத்த வீட்டில் தேத்தண்ணி கொடுத்தபடி அவளும், "ஓம், ஷெல்தான்" என்றாள்.

இராசமலர் கொட்டில் வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணை, பொட்டாலை ஆரோ வருகினம்."

"நாயாயிருக்கும். வெருளி! உள்ளுக்கு வராதை. இது முந்தினதைப்போல இல்லை, சின்னன். ஆனா திறம்."

"வேண்டாம் அண்ணை, விடுங்கோ. அண்டைக்கு மாமி..."

அவன் நிமிரவில்லை. "ஷெல் எண்டு நீதானே சொன்னனீ?"

அவள் முகம் எரிந்தது. செத்துப்போகலாம் போன்ற வெட்கம். விறாந்தைக்குத் திரும்பினாள்.

பாயில் யாரோ இருந்தார்கள்.

அவிழ்ந்த தலை. மண் அப்பிய சேலை. ஒரு முழங்காலுக்குக் கீழே சேலை தட்டையாய்க் கிடந்தது. மாமியின் முகத்தில் கோபமில்லை. அதுதான் இன்னும் பயமாயிருந்தது.

"மாமி, நான் சொல்லியிருக்கவேணும்" என்று பாயருகே குந்தினாள் இராசமலர்.

மாமி கைகளை நீட்டினாள். கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்த கைகள். கழுத்தைச் சுற்றின. நெரிக்கவில்லை. தலையோடு தலை சேர்த்தன, பெண்கள் ஒப்பாரிக்குக் கட்டிக்கொள்வதுபோல. மாமியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

யாருக்காக அழுகிறாள்?

கொட்டிலுக்குள் அண்ணை மெல்லப் பாடிக்கொண்டிருந்தான்.

இராசமலர் கத்த முயன்றாள். குரல் இல்லை. எழ முயன்றாள். கால் வரவில்லை.

மாமி கையை எடுத்தாள். எழுந்தாள். "போட்டு வாறன்" என்று சொல்லாமல் எந்த வீட்டையும் விட்டு அவள் போனதில்லை. செத்த வீட்டில்தான் அப்படிச் சொல்வதில்லை.

கொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

ஒன்றும் சொல்லாமல் போனாள்.