ஏரிக்குள் பின்னோக்கி நடந்தவள்

ரோஹிணி பாலிதீன் பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். வார்களில் கறுப்புச் சேறும் பாசியும் அப்பியிருந்தன.

"எங்கம்மாவோடது. தினம் கார்த்தால லேக்குக்குப் போறா. முந்தாநாள் புடவைக் கரை மட்டும் நனைஞ்சிருந்தது. இன்னிக்கு முழங்கால் வரைக்கும் ஈரம். கேட்டா ஒரே பதில்: 'அப்பா சொல்லிட்டார்'. அப்பா பங்குனியிலேயே போயிட்டார், மேடம்!"

மாதவி செருப்பைப் பார்த்தார், தொடவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதே உத்தியோகமாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலிகஞ்சில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜெய்ராம், கோயம்புத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவன். இந்த மாதிரிப் புதிரோடு மாதவியிடம் ஆட்கள் வந்தால் அவனுக்கு ஆபீஸ் மறந்துவிடும்.

"எப்படிச் சொன்னாராம்?" என்றார் மாதவி.

ரோஹிணி ஒரு புத்தகத்தை எடுத்தாள். அவள் அம்மா பாகீரதி எழுதிய குழந்தைக் கதைகள். பக்கங்களை வடிவமைத்தவர் அவர் கணவர் ஹரிஷங்கர். அவர் இறந்தபின் கிடப்பில் கிடந்து, போன வாரம்தான் அச்சாகி லேக் கார்டன்ஸிலுள்ள அவர்கள் வீட்டுக்கு வந்ததாம். புத்தகத்தை மடியில் விரித்து, முதல் பக்கத்திலிருந்து வலது விரலால் தாள்களைச் சரசரவென்று இடப்பக்கம் விழவிட்டாள்.

இடப்பக்கங்களின் கீழ் மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம் அசைந்தது.

ஏரிப் படித்துறையில் ஒரு பெண், முகம் நம்மைப் பார்த்தபடி நிற்கிறாள். ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கை அவள் கையைப் பிடித்திருக்கிறது. அந்தக் கை விடுகிறது. அவள் நம்மைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து படி இறங்குகிறாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. பின்னணியில் துடுப்புப் படகு ஒன்று, உட்கார்ந்திருப்பவர்கள் முகம் பார்த்த திசையில் போகிறது. அகன்ற அலை வட்டங்கள் சுருங்கிச் சுருங்கி அவள் தலையைச் சுற்றி மூடிக்கொள்கின்றன. பிறகு வெறும் தண்ணீர்.

அந்தப் பெண் கடைசிவரை கண்ணை எடுக்கவே இல்லை. ஜெய்ராமும் வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தான், பார்த்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

"அது அம்மாதான். அந்த மூக்கு, அந்தக் கொண்டை. அப்பா கம்ப்யூட்டர்ல மூலப்படம் இருக்கான்னு தேடினேன். அவர் மவுஸே ஒத்துழைக்கலை. எதை அழுத்தினாலும் வேற ஏதோ திறக்கறது. எனக்கு அந்த ஆமினா மேலதான் சந்தேகம். பிரஸ்ல அப்பாவுக்கு உதவியா இருந்தவ. அம்மாவை பயமுறுத்த அவதான் வரைஞ்சு சேர்த்திருப்பா."

"நிச்சயம் அவங்கதானுங்க மேடம்!" என்று ஜெய்ராம் எழுந்தே விட்டான். அவசரக் குடுக்கை.

"உட்காரு. படம் ஏன் இடப்பக்கத்தில் மட்டும் இருக்கு?" என்று மாதவி கேட்டார். புத்தகத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "ரோஹிணி, இன்னிக்கு அம்மாவைத் தனியா விடாதீங்க."

மத்தியானம் மாதவியும் ஜெய்ராமும் பிரஸ்ஸுக்குப் போனார்கள். கார்டன் ரீச்சிலிருந்து வேலைக்கு வரும் ஆமினா, ஹரிஷங்கர் பெயரைச் சொன்னதும் தலையிலிருந்த துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியதை ஜெய்ராம் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டான்.

"நான் ஒரு கோடுகூட வரையலை மேடம். பொங்கலுக்கே சார் மொத்த ஃபைலையும் முடிச்சு என்கிட்ட குடுத்துட்டார். 'மூலையில கை வெச்சுடாதே, கல்யாண நாளுக்கு அவளுக்கு ஒரு ஆச்சரியம்'னு சிரிச்சார். அப்புறம் இப்படி ஆயிடுச்சு. அவர் ஆசைப்பட்டாரேன்னு அப்படியே அச்சடிச்சு அனுப்பினேன். தப்பா மேடம்?"

"தப்பில்லம்மா. பொங்கலுக்கேன்னு நல்லா ஞாபகம் இருக்கா?"

"அதை முடிச்ச கையோடதானே ஊர்லேர்ந்து வந்த கரும்பை எங்களுக்கெல்லாம் வெட்டிக் குடுத்தார்."

திரும்பும் வழியில் ஜெய்ராம் பொருமினான். "அப்ப அவரே வரைஞ்சாரா? கல்யாண நாளுக்கு யாராவது பொண்டாட்டியைத் தண்ணில தள்ளிப் படம் போடுவாங்களா?" மாதவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்ஸியில் உட்கார்ந்தபடி அந்தப் புத்தகத்தை ஏதோ விளையாட்டுச் சாமான் மாதிரி கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் ரோஹிணியின் போன் வந்தது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா வீட்டில் இல்லை.

லேக்கில் பனி தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. படித்துறையில் பாகீரதி முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றிருந்தார், கையில் தன் பிரதியோடு. முகம் கரையை நோக்கி இருந்தது. ஜெய்ராம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு படி பின்னால் இறங்கினார், படத்தில் இருப்பதுபோலவே.

"அம்மா!" என்று ஓடப்போன ரோஹிணியை மாதவி பிடித்து நிறுத்தினார். மேல் படியில் நிதானமாக உட்கார்ந்தார்.

"உங்க புத்தகத்தைப் படிச்சேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

பாகீரதியின் குரல் எங்கிருந்தோ வந்தது. "இந்தப் படியிலதான் கல்யாணத்துக்கு முன்னாடி நான் வழுக்கி விழுந்தேன். முன்னப்பின்ன தெரியாத மனுஷர், கையைக் குடுத்து இழுத்தார். அப்படித்தான் அவரை எனக்குத் தெரியும். பங்குனியில ஒரு மத்தியானம் நெஞ்சு எரியறதுன்னார். வாயுன்னு சொல்லி மாத்திரை குடுத்துப் படுக்கச் சொன்னது நான்தான். எழுந்துக்கவே இல்லை. எடுத்த இடத்துலயே என்னைத் திருப்பிப் போட்டுட்டார். நியாயம்தானே?"

ரோஹிணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமாக அம்மா இதைச் சொல்லவே இல்லை.

பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் கேட்டது. படகு கிளப் பையன்கள் ஓட்டும் படகு ஒன்று நழுவி வந்தது.

"அந்தப் படகைப் பாருங்க," என்றார் மாதவி. "துடுப்புப் போடறவங்க எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்காங்க?"

"வந்த வழியைப் பார்த்து," என்றார் பாகீரதி.

"ஆமா. போற திசைக்கு முதுகு. லேக் பக்கத்துலயே குடியிருந்த உங்க வீட்டுக்காரருக்கு அது தெரியாதா? ஆனா படத்தில படகு முகம் பார்த்த பக்கமே போகுது. அலை வட்டம் விரியணும், அதுல சுருங்குது. நீங்க பின்னாலேயே நடக்கறீங்க. மூணும் ஒரே தப்பு. ஏன்னா நாம எல்லாரும் படத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்க்கறோம்."

"புத்தகத்தை முன்னாலிருந்துதானேங்க புரட்டினோம்?" என்றான் ஜெய்ராம்.

"வலதுகைக்காரங்க நாம. ஹரிஷங்கர் இடதுகைக்காரர். ரோஹிணி, உங்கப்பா மவுஸ் கெட்டுப்போகலை. இடது கைக்காகப் பட்டன்களை மாத்தி வெச்சிருக்கார்."

ஐடியில் வேலை பார்த்தும் தனக்கு இது உறைக்கவில்லையே என்று ஜெய்ராம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவர் புத்தக முதுகை வலது கையில பிடிச்சு, இடது கட்டைவிரலால பின் அட்டையிலிருந்து தாள்களை விடுவார். அப்படி விட்டா கண்ணுக்குத் தெரியறது இடப்பக்கம் மட்டும்தான். உலகமே அப்படித்தான் புரட்டும்னு நினைச்சுட்டார் பாவம். நீங்களே பாருங்க."

பாகீரதி தண்ணீரில் நின்றபடியே புத்தகத்தைக் கை மாற்றிப் பிடித்தார். பழகாத இடது விரல் தடுமாறியது. முதல்முறை தாள்கள் மொத்தமாக விழுந்தன. மறுமுறை மெதுவாக விட்டார்.

வெறும் தண்ணீர். ஒரு தலை மேலே வருகிறது. வட்டங்கள் விரிகின்றன. படகு, உட்கார்ந்திருப்பவர்கள் முதுகு காட்டும் திசையில் போகிறது. அவள் நம்மைப் பார்த்தபடி படியேறி வருகிறாள். ஓரத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. அவள் அதைப் பிடித்துக்கொள்கிறாள்.

பாகீரதி படத்திலிருந்த அந்தக் கையை விரலால் தொட்டார்.

"என் மேல கோபம் இல்லையா அவருக்கு?"

"போனவங்க மனசு எனக்குத் தெரியாது. தேதி தெரியும். இதைப் பொங்கலுக்கே முடிச்சுட்டார். பங்குனி மத்தியானத்துக்கு, தை மாசம் வரைஞ்ச படம் எப்படித் தண்டனை ஆகும்?"

பாகீரதி அப்போதுதான் அழுதார். கணவர் போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை என்று பிற்பாடு ரோஹிணி சொன்னாள். அழுது ஓய்ந்ததும் ஒரு படி மேலே கால் வைத்தார், சறுக்கியது.

"நின்னு வேடிக்கை பாக்கறியே ரோஹிணி. வந்து கையைக் குடு, வழுக்கறது."