புதுக்குழித் தீவனம்

"மூணாவது மாடும் படுத்திருச்சு டாக்டர்! விஷம்தான். போலீஸ் மதியம் வர்றாங்க."

பண்ணைக்காரம்மா போனில் போட்ட சத்தம் பக்கத்து மேஜையிலிருந்த கம்பவுண்டர் காதிலும் விழுந்தது. மருந்துப் பெட்டியோடு டாக்டரம்மாவுக்கு முன்னால் அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

பண்ணையில் யாருக்கும் ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. கறவைக்காரரைத் தீவன அறையில் அடைத்து வெளியே தாழ் போட்டிருந்தார்கள். போன வாரம் லீவு கேட்டு, கிடைக்காமல் முணுமுணுத்தவர் அவர். சந்தேகப்பட அது போதுமாயிருந்தது.

கம்பவுண்டர் படுத்திருந்த பசுவின் வாயருகே குனிந்து முகர்ந்தார். "அழுகின பழ வாசனை! பழத்துல வச்சுத்தான் விஷம் குடுத்திருக்கான்!"

டாக்டரம்மா மாட்டின் மூத்திரத்தில் ஒரு சோதனைத் தாளை நனைத்தார். அது கருஞ்சிவப்பானது.

"கன்னு போட்டு எத்தனை நாள்?"

"மூணுமே மூணு வாரத்துக்குள்ள. உடம்பு தேறட்டும்னு புதுக்குழி சைலேஜை இதுங்களுக்கு மட்டும் போடச் சொன்னேன். மத்ததுக்குப் பழைய குழிதான்."

பயிரை அறுத்துப் புதுக்குழியில் போட்டு, புளித்து சைலேஜ் தீவனமாக மூடி வைத்தது பண்ணைக்காரம்மாவின் கொழுந்தன். "வெயில்ல நல்லா வாட்டித்தான் அண்ணி மூடினேன்," என்றான் அவன். "மூடினதோட சரி, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை."

டாக்டரம்மா குழிக்குப் போய் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. உள்ளே சேற்றுக்கட்டி.

"அந்தக் கறவைக்காரன் எதையோ கலந்திருக்கான்," என்று கொழுந்தன் பின்னாலேயே வந்தான். "இல்லாட்டி, பின்மூலையில மட்டும் கெட்ட வெண்ணெய் நாத்தம் ஏன் இவ்வளவு வருது?"

கம்பவுண்டர் பின்மூலைக்கு ஓடினார். போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஆமா டாக்டர், அங்கதான்!"

டாக்டரம்மா எல்லாரையும் தீவன அறைக்கு அழைத்துப்போய்த் தாழைத் திறக்கச் சொன்னார்.

"விஷமே இல்லை. இது கீட்டோசிஸ். கன்னு போட்ட மாடு தின்கிறதைவிட அதிகமாப் பாலாக் குடுக்கும். பத்தாததுக்குத் தன் கொழுப்பையே கரைக்கும். அந்தக் கழிவுதான் பழ வாசனை. தாளைச் சிவக்க வச்சதும் அதுதான். ஈரமும் மண்ணும் சேர்ந்த சைலேஜ் புளிக்காமக் கெட்டுடும். அதை மாடு சரியாத் தின்னாது. தின்ன கொஞ்சமும் உடம்புல அதே கழிவாத்தான் மாறும். இவர் இருபத்திரண்டு மாட்டுக்கும் தீவனம் வைக்கிறார். படுத்தது புதுக்குழி தின்ன மூணு மட்டும்."

கம்பவுண்டருக்குச் சட்டென்று பொறி தட்டியது. "எட்டிக்கூடப் பார்க்காதவருக்குப் பின்மூலை நாத்தம் எப்படித் தெரியும்?"

கொழுந்தன் தலை குனிந்தான். "அறுத்தன்னிக்கு மழை அண்ணி. அப்படியே மூடிட்டேன். திறந்தப்பவே தெரிஞ்சது. சொன்னா நீங்க..."

பண்ணைக்காரம்மா அவனைப் பார்க்கவேயில்லை. போலீஸுக்குப் போன் போட்டு வரவேண்டாமென்றாள். பிறகு கறவைக்காரர் எதிரே வந்து நின்றாள். "அண்ணே, நான்..."

அவர் அவளைத் தாண்டி டாக்டரம்மாவிடம் போனார்.

"பொழைச்சிடுமா? எந்த மாட்டுக்கு முதல்ல மருந்து?"

"பொழைச்சிடும். கடைசியாப் படுத்ததுக்கு மருந்தை வாயில ஊத்தணும், தலையைப் பிடிங்க. மத்த ரெண்டுக்கும் நரம்புல குளுக்கோஸ்."

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.